பாசி மேய ஒரு முள் உருண்டை: ரீஃப் தொட்டியில் கடல் முள்ளெலி வளர்ப்பு

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்த எல்லோருக்கும் ஒரு பச்சைக் காலம் வரும். முதல் இரண்டு மூன்று மாதம் பாறையெல்லாம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஒரு மூலையில் நாலு முடி மாதிரி பச்சையாக எழும்பும். சரி, இயற்கைதானே என்று விட்டுவிடுவோம். இன்னும் மூன்று வாரத்தில் பாறைக்கே தலைமுடி வளர்ந்து, பம்ப் தண்ணீரைத் தள்ளும் பக்கமெல்லாம் சாய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் கையுமாக ஞாயிற்றுக்கிழமைகள் கழியத் தொடங்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: ஒரு கடல் முள்ளெலி வாங்கிப் போடுங்கள்.

நல்ல யோசனைதான். நத்தையும் சங்கு நண்டும் நுனிப்புல் மேய்ந்துவிட்டுப் போகிற இடத்தை முள்ளெலி அடியோடு சுரண்டிவிடும். ஆனால் புதிதாக வாங்குகிறவர்கள் ஆறேழு மாதத்தில் காரணம் புரியாமல் அதை இழப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நோய் எதுவும் இருக்காது. பட்டினி. பாசியெல்லாம் தீர்ந்து தொட்டி பார்க்க அழகாக இருக்கும் அந்த மாதங்களில்தான் அது உள்ளுக்குள் வற்றுகிறது. மீன் மெலிந்தால் வயிறு ஒட்டும், கண்ணுக்குத் தெரியும். முள்ளெலிக்குக் கெட்டியான ஓடு; உள்ளே எதுவும் இல்லாமல் போனாலும் வெளியே அதே உருண்டைதான். ஆகவே பாசியை எப்படித் தீர்ப்பது என்பதோடு, தீர்ந்த பிறகு என்ன செய்வது என்பதையும் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

உருண்டைக்குள் என்ன இருக்கிறது

பெயரில்தான் எலி. இதன் உறவுக்காரர்கள் நட்சத்திர மீனும் கடல் அட்டையும். அர்ச்சின் என்ற ஆங்கிலப் பெயரும் ஒரு காலத்தில் நிலத்தில் வாழும் முள்ளெலியைத்தான் குறித்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஒரே விலங்குதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

வாய் அடிப்பக்கம் இருக்கிறது. அதில் ஐந்து பற்கள், ஐந்து திசையிலிருந்து நடுவில் வந்து கூடும். இந்தப் பற்களையும் அவற்றை இயக்கும் எலும்பு போன்ற சட்டத்தையும் சேர்த்து ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்கிறார்கள். அவர் தன் நூலில் முள்ளெலியை விளக்கோடு ஒப்பிட்டு எழுதியதால் வந்த பெயர். பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் பிடித்திருக்கும் நாளில் முள்ளெலி அதன்மேல் ஏறினால் உள்ளே ஒரு பார்வை பாருங்கள். ஐந்து பற்களும் விரிந்து குவிவது நன்றாகத் தெரியும். அது நகர்ந்த பிறகு கண்ணாடியில் ஐந்து கீறல் கொண்ட சின்னச் சின்ன நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும்.

கழிவு வெளியேறுவது உச்சந்தலையில். நீண்ட முள் கொண்ட டயடெமா வகையின் ஓர் இனத்தில் அந்த இடம் ஆரஞ்சு வளையத்தோடு ஒரு குமிழ் போல உப்பி நிற்கும். ‘என் முள்ளெலி ஒற்றைக் கண்ணால் என்னையே முறைக்கிறது’ என்று சொன்ன ஒருவரிடம் அது என்ன என்று நான் விளக்க வேண்டியிருந்தது. அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இந்த உடலமைப்பிலிருந்து மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, அது பாசியை நுனியில் கிள்ளுவதில்லை, பாறையோடு சேர்த்துச் சுரண்டுகிறது. அதனால் நாம் ஆசையாக வளர்க்கும் ஊதா நிறக் கோரலைன் பாசியும் போகும். இரண்டு, தின்ற பாசி உச்சி வழியாகச் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரும்பத் தொட்டிக்குள்ளேயே விழுகிறது. பாசி வளரக் காரணமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எங்கேயும் போய்விடவில்லை. மூன்று, அது நடப்பதும் ஒட்டுவதும் நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களால். அந்தக் கால்கள் கடல்நீரின் அழுத்தத்தில் இயங்குகின்றன. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் உப்பளவை வெளித் தண்ணீருக்கு எதிராகக் கட்டுப்படுத்திக்கொள்ள அதற்குத் தெரியாது. தொட்டியில் உப்பு இறங்கினால் அதன் உடலிலும் இறங்கும்.

முதலில் தொட்டி தயாரா என்று பாருங்கள்

புதுத் தொட்டிக்கு வேண்டாம். ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். எட்டு, ஒன்பது மாதம் என்றால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரிகிற அளவு பாசி இருக்க வேண்டும். சுத்தமான தொட்டியில் ‘முன்னெச்சரிக்கையாக’ ஒன்றை விடுவது ஆட்டைக் கொண்டுபோய் மொட்டைப் பாறையில் கட்டுவது போல.

உப்பளவு அடர்த்தி எண் 1.025 முதல் 1.026 வரை, அதாவது ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு. அந்த எண்ணைவிட அது அசையாமல் இருப்பதுதான் முக்கியம். முள் ஆடும் மலிவான பிளாஸ்டிக் மானியை நம்ப வேண்டாம், ஒரு சின்னக் காற்றுக் குமிழ் ஒட்டினாலே தப்பாகக் காட்டும். ஒளி வளைவதைக் கொண்டு உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் 35 அளவுத் திரவம் ஊற்றி அவ்வப்போது சரிபாருங்கள். வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 20 பங்கு) கீழே, முடிந்தால் 10க்குக் கீழே. ஓடும் முள்ளும் சுண்ணாம்பால் ஆனவை என்பதால் பவளத்துக்கு வைக்கும் அதே அளவுகள் இதற்கும் பொருந்தும்: காரத்தன்மை 8 முதல் 10 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்.

செம்பு! இந்தத் தொட்டியில் எப்போதாவது மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருந்தால் முள்ளெலியை மறந்துவிடுங்கள். செம்பு பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல மெல்லக் கசியும். மீன் தாங்கும் அளவு முதுகெலும்பு இல்லாதவற்றைக் கொன்றுவிடும். பழைய தொட்டியையோ பாறையையோ இன்னொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்.

கூட வாழ்பவர்களைப் பொறுத்தவரை, ட்ரிகர் மீனும் பஃபர் மீனும் இருந்தால் முள்ளெலி அவற்றுக்கு இரை. பெரிய ராஸ் மீன்களும் ஆபத்துதான். கோமாளி மீன், கோபி, கார்டினல், டாங் வகைகளோடு பிரச்சினை இல்லை. பங்காய் கார்டினலுக்கோ இது வீடு மாதிரி: கடலில் அதன் குஞ்சுகள் டயடெமாவின் முட்களுக்கு நடுவில் ஒளிந்து வாழும்.

அப்புறம் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, தொட்டியில் ஒட்டாமல் சும்மா வைத்திருக்கும் பவளத் துண்டுகளையெல்லாம் ஜெல் பசையாலோ எபாக்ஸி மாவாலோ பாறையில் ஒட்டிவிடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். பம்ப் உறிஞ்சும் வாய்க்கு வலை, ஹீட்டருக்கு உறை. அக்ரிலிக் தொட்டி வைத்திருப்பவர்கள் இன்னொரு முறை யோசியுங்கள். சுண்ணாம்புப் பாறையையே சுரண்டும் பல்லுக்கு அக்ரிலிக் பெரிய விஷயம் இல்லை, கீறல் விழும். கண்ணாடிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

எந்த முள்ளெலி

முதல் முறை என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது டக்ஸிடோ. அறிவியல் பெயர் மெஸ்பிலியா குளோபுலஸ். ஓடு ஐந்து சென்டிமீட்டர் சுமார், முள் குட்டை, கையில் குத்தாது. முள் வரிசைகளுக்கு நடுவே வெல்வெட் துணி ஒட்டியது போல நீலமோ கருப்போ பட்டை பட்டையாக ஓடும். பாறை இடுக்குகளில் புகும் அளவுக்குச் சின்னது, பாறையை உருட்டிவிடும் பலம் இல்லாதது. நூறு, நூற்றைம்பது லிட்டர் தொட்டிக்கு ஒன்று தாராளம். பாசி காடாக இருக்கிறதே என்று இரண்டு மூன்றாக வாங்காதீர்கள். காடு ஒரு மாதத்தில் அழியும். அதன்பிறகு அத்தனை வாய்க்கும் நீங்கள்தான் படியளக்க வேண்டும்.

பின்குஷன் என்ற பெயரில் விற்கப்படுவதும் நல்ல மேய்ச்சல்காரன்தான், கொஞ்சம் பெரிதாக வளரும், பொருளைத் தூக்கிச் சுமப்பதில் டக்ஸிடோவுக்கு அண்ணன்.

ஹாலோவீன் முள்ளெலி என்று ஆரஞ்சும் கருப்புமாக விற்கப்படுவது டிரிப்நியூஸ்டஸ் கிராட்டிலா. இதன் பசியைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறேன். ஹவாயில் கானெஓஹே விரிகுடாவின் பவளத் திட்டுகளை வெளியிலிருந்து வந்த பாசி மூடிக்கொண்டபோது, அரசே இந்த இனத்தின் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து 2011 முதல் கடலில் விடத் தொடங்கியது. கவனிக்க வேண்டியது அவர்கள் செய்த வரிசையை. முதலில் படகில் பொருத்திய ராட்சத உறிஞ்சு குழாயோடு முக்குளிப்பவர்கள் இறங்கிப் பாசியை வாரி எடுத்தார்கள். முள்ளெலியை விட்டது அதற்குப் பிறகு, மிச்சத்தை மேயவும் மறுபடி வளராமல் பார்த்துக்கொள்ளவும். கடலுக்கே அப்படி என்றால் வீட்டுத் தொட்டிக்குச் சொல்ல வேண்டியதில்லை. விரல் நீளம் வளர்ந்த முடிப்பாசியை முதலில் கையால் பிடுங்கி வெளியே எடுத்துவிடுங்கள், கட்டையாக மிஞ்சியதை முள்ளெலியிடம் விடுங்கள். இந்த இனம் பத்து சென்டிமீட்டரைத் தாண்டி வளரும் என்பதால் நானூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டயடெமா, அதாவது நீண்ட கருப்பு முள். பாசி தின்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1983 தொடக்கத்தில் பனாமாவின் கரீபியக் கரையில் இவை சாகத் தொடங்கி, ஓராண்டு சொச்சத்தில் கரீபியக் கடல் முழுக்க 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தபோது, மேய ஆளில்லாத பவளத் திட்டுகளைப் பாசி மூடிக்கொண்டது. 2022இல் மறுபடி ஒரு பெருஞ்சாவு வந்தது. அதற்குக் காரணம் ஓர் ஒருசெல் உயிரி என்று அடுத்த ஆண்டே கண்டுபிடித்தார்கள். அவ்வளவு முக்கியமான பிராணிதான், ஆனால் அந்த முள் குத்தினால் ஒடிந்து தோலுக்குள்ளேயே நின்றுவிடும், கூடவே லேசான நஞ்சும் உண்டு. தொட்டிக்குள் அடிக்கடி கைவிடும் புதியவருக்கு ஏற்றதல்ல.

பென்சில் முள்ளெலி பார்க்க அழகு. பாசியோடு கடற்பஞ்சு, பவளம் என்று கண்டதையும் கடிக்கும். ரீஃப் தொட்டிக்கு வேண்டாம். மலர் முள்ளெலி, நெருப்பு முள்ளெலி என்ற பெயர்களைக் கேட்டால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். இரண்டும் நஞ்சுள்ளவை, மலர் முள்ளெலியின் நஞ்சு மனிதருக்கே ஆபத்தானது.

கடையில் பார்க்க வேண்டியது

கண்ணாடியில் ஒட்டியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மணலில் சும்மா கிடப்பது தூங்குகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்களுக்கு இடையிலிருந்து மெல்லிய நூல் போன்ற குழாய்க் கால்கள் வெளியே நீண்டு அலைபாய வேண்டும். முள் உதிர்ந்து வழுக்கையான திட்டுகள் இருக்கக் கூடாது. தொட்டியின் அடியில் உதிர்ந்த முட்கள் கிடக்கின்றனவா என்றும் ஒரு பார்வை.

இன்னொரு சோதனை: தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். நல்ல முள்ளெலி சில நிமிடங்களில் தானே புரண்டு நேராகிவிடும். ஆய்வகங்களிலும் முள்ளெலியின் தெம்பை அளக்க இதைச் செய்வதுண்டு. கடைத் தண்ணீரின் உப்பளவு எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு அது வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மணி நேரம்

பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுவது வெப்பநிலைக்கு. அதோடு முடித்துவிட்டு அப்படியே கொட்டிவிடுகிறவர்கள் மறுநாள் காலை முட்களைப் பொறுக்குகிறார்கள்.

ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் பையின் தண்ணீரையும் முள்ளெலியையும் மாற்றுங்கள். முள்ளெலி எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியே இருக்கட்டும். மீன்தொட்டிக்கான காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள், நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. பாத்திரத்துத் தண்ணீர் இரு மடங்கானதும் பாதியை எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடியும். ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம். கடை உப்புக்கும் உங்கள் உப்புக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் மூன்று மணி நேரம்கூட ஆகட்டும். கடிகாரத்தைப் பார்க்காமல் ரிஃப்ராக்டோமீட்டரைப் பாருங்கள். இரண்டு தண்ணீரும் ஒரே எண்ணைக் காட்டியதும் போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஒரு நாளுக்கு மேல் பையிலேயே பயணம் செய்து வந்திருந்தால் அந்தத் தண்ணீரில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பை திறந்து காற்றுப் பட்டதும் பி.எச். ஏறும், அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். அப்போது பைத் தண்ணீரில் நேரத்தை இழுக்காதீர்கள். தனியாகக் கலந்த புது உப்புநீரைப் பையின் உப்பளவுக்கே தயாரித்து முள்ளெலியை அதற்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து சொட்டு விடுங்கள்.

பையிலேயே ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றால் இழுக்காதீர்கள், கால்கள் அறுந்துவிடும். சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கத்தரியால் வெட்டி, அந்தத் துண்டோடு பாறைமேல் வைத்துவிடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு அரை மணி கழித்து வந்தால் அது நடந்துபோயிருக்கும், பிளாஸ்டிக் மட்டும் கிடக்கும். கடைத் தண்ணீர் உங்கள் தொட்டிக்குள் போக வேண்டாம்.

மேய்ச்சல் தொடங்கியதும்

முதல் இரண்டு நாள் எங்காவது இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கலாம். விட்டுவிடுங்கள். பிறகு இரவில் கிளம்பும். காலையில் விளக்கு எரியும்போது பச்சைப் பாறையில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பாதை போட்டது போல இருக்கும். அந்தப் பாதையைப் பார்த்துச் சந்தோஷப்படாதவர்களை நான் பார்த்ததில்லை.

அடுத்த அதிசயம் அது தலையில் சுமக்கும் சாமான்கள். டக்ஸிடோவும் பின்குஷனும் சிப்பி, சின்னக் கல், பாசித் துண்டு என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக் குழாய்க் கால்களால் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போகும். வெளிச்சத்திலிருந்து மறைவு தேடித்தான் பெரும்பாலும் இப்படிச் செய்கிறது. கல்லுக்கும் நீங்கள் காத்திருந்து வாங்கிய பவளத் துண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. என் முதல் டக்ஸிடோ ஒரு காலையில் ஒட்டாமல் வைத்திருந்த சோவாந்திட் என்ற பவள வகைத் துண்டு ஒன்றைக் கிரீடம் மாதிரி வைத்துக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியில் ஏறி நின்றது. பிடுங்கி இடத்தில் வைத்தேன். மறுநாளும் அதே துண்டு, அதே இடம். மூன்றாம் நாள் ஒட்டினேன். ஒட்டச் சொன்னது இதற்குத்தான். நாலைந்து காலிச் சிப்பிகளை மணலில் போட்டு வைத்தால் அவற்றை எடுத்துக்கொண்டு பவளத்தை விட்டுவிடும், அநேகமாக.

முடிப்பாசி, கட்டைப் பாசி, கண்ணாடிப் படலம் இவையெல்லாம் போகும். சிவப்புக் கம்பளம் போல மணலில் படரும் வழவழப்பான சயனோவை நம்பி முள்ளெலி வாங்காதீர்கள், அது பாசியே அல்ல, பாக்டீரியா. குமிழோடு பழுப்புச் சளி போலத் தொங்கும் டைனோ என்ற நுண்ணுயிருக்கும் இது மருந்தல்ல.

இந்த நாட்களில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. பாறை இடுக்குகளில் கடுகு போல விழுந்து கிடக்கும் கழிவை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது குழாயால் உறிஞ்சி எடுங்கள். சின்னக் கைப்பம்பால் பாறையில் தண்ணீரை அடித்தால் அது மேலெழும்பி வடிகட்டித் துணிக்குப் போகும், துணியை இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றுங்கள். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரையும், நுரை கொஞ்சம் நீர்த்து வரும்படி, ஓட விடலாம். இதைச் செய்யாவிட்டால் முள்ளெலி ஒருபக்கம் மேய, அதன் எருவிலேயே மறுபக்கம் பாசி வளரும்.

பாசி தீர்ந்த பிறகு

ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு நாள் பச்சையே இருக்காது. இப்போது பாறையை உற்றுப் பாருங்கள். ஊதாக் கோரலைன் மேல் புது வெள்ளைக் கீறல்கள் தினமும் கூடிக்கொண்டே போனால் அது வேறு எதுவும் கிடைக்காமல் பாறையைச் சுரண்டுகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். பகலிலும் ஓயாமல் கண்ணாடியைச் சுற்றுவதும் அப்படித்தான். சோறு போட வேண்டிய நேரம்.

எளிய தீனி நோரி, அதாவது தாளாக உலர்த்திய கடல்பாசி. உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராததாக இருக்க வேண்டும். டக்ஸிடோவுக்குத் தீப்பெட்டி அளவுத் துண்டு இரண்டு, வாரத்துக்கு மூன்று முறை. இதை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கண்ணாடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் டாங் மீன்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும், முள்ளெலி அங்கே வந்து சேரும்போது கிளிப் மட்டும் இருக்கும். எனவே விளக்கு அணைந்து அரை மணி கழித்துக் கொடுங்கள். நோரியை நனைத்து, நீண்ட இடுக்கியால் நேராக முள்ளெலியின் முட்கள்மேல் வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு இரண்டு மூன்று கால்கள் நீண்டு ஓரத்தைத் தொடும். ஒட்டும். பக்கத்துக் கால்கள் வாங்கிக்கொள்ளும். முட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து வழிவிட, அந்தப் பச்சைத் தாள் மேலிருந்து பக்கவாட்டில் இறங்கி, மடங்கி, பத்து நிமிடத்தில் வயிற்றுக்கடியில் மறைந்துவிடும். தொட்டி வைத்திருப்பதில் எனக்குப் பிடித்த பத்து நிமிடம் அது.

நோரியைச் சின்னக் கல்லில் ரப்பர் வளையத்தால் கட்டி முள்ளெலி இருக்கும் பாறையடியிலும் போடலாம். மூழ்கும் பாசி வில்லைகளும் சரிதான். சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) கீட்டோ என்ற நூல்கண்டு போன்ற பாசி வளர்ப்பவர்கள் ஒரு பிடி கிள்ளிப் போட்டால் மிக நல்லது, காசும் இல்லை, தொட்டியின் சத்தே சுற்றி வருகிறது. மறுநாள் காலை மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தீனி கொடுத்தால் பாசி மேய்வதை விட்டுவிடுமோ என்று பயந்து சிலர் பட்டினி போடுகிறார்கள். என் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை. நோரி தின்ற இரவே பாறையிலும் மேயும்.

முள் உதிர்ந்தால்

ஒன்றிரண்டு முள் விழுவது பெரிதல்ல, மறுபடி முளைக்கும். ஒரே நாளில் பத்து இருபது விழுந்தால் அபாயம். முட்கள் விறைப்பாக நிற்காமல் தளர்ந்து படுத்திருப்பதும், கால்கள் உள்ளே இழுத்துக்கொள்வதும், பிடி விட்டு மணலில் விழுந்து கிடப்பதும் அதே அறிகுறி. உடனே உப்பளவை அளந்து பாருங்கள். பத்தில் எட்டு முறை வேறு எதையும் தேட வேண்டியிருக்காது.

எனக்கு ஒருமுறை நடந்தது. ஆவியாகும் தண்ணீரை நிரப்பும் தானியங்கிப் பம்பின் மிதவை, நத்தை ஒன்று ஏறியதால் இரவில் சிக்கிக்கொண்டது. 120 லிட்டர் உப்புநீரில் 20 லிட்டர் நல்ல தண்ணீர் முழுவதும் கொட்டிவிட்டது. 35 இருந்த உப்பு 30. மீன்கள் எதுவும் நடக்காதது போல் நீந்திக்கொண்டிருந்தன. முள்ளெலியைச் சுற்றி மணலில் ஊசிகளைக் கொட்டியது போல இருந்தது. பதற்றத்தில் உப்பை அள்ளிப் போடத் தோன்றும், போடாதீர்கள். வேகமாக ஏறுவதும் அதே அடிதான். அன்றிலிருந்து ஆவியாகும் நீருக்குப் பதிலாக உப்புநீரை ஊற்றிவந்தேன், ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெதுவாக 35க்கு வந்தது. பாதி முள் போயிருந்தது. இரண்டு மாதத்தில் குட்டை குட்டையாக முளைத்து வந்தன. அதன்பிறகு என் நிரப்பும் வாளி ஐந்து லிட்டர்தான். முழுவதும் கொட்டினாலும் பெரிய கெடுதல் வராது.

திடீரென்று உச்சியிலிருந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புகை போல வெளிவந்தால் அது சாகவில்லை, இனப்பெருக்கத்துக்காக விந்தையோ முட்டையையோ தண்ணீரில் விடுகிறது. வெப்பநிலை மாற்றம், அதிர்ச்சி போன்றவற்றால் நடக்கும். தண்ணீர் கலங்கும். வடிகட்டியில் புதிய கார்பன் (கரி) போட்டு, ஸ்கிம்மரைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் தீர்ந்தது.

கையாளும்போது

இடம் மாற்ற வேண்டியிருந்தால் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எடுக்காதீர்கள். அது நடந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து, தொட்டவுடன் இறுகிக்கொள்ளும் முன் ஒரே அசைவில் பக்கவாட்டில் நகர்த்தினால் எளிதாக விடும். இறுகிவிட்டால் கையை எடுத்துவிட்டுப் பிறகு வாருங்கள். ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள் பிடித்து அதற்குள் தள்ளி, தண்ணீரோடு சேர்த்தே தூக்குங்கள்.

டயடெமா போன்றவற்றின் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். தெரியும் துண்டை இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாக இருந்தாலோ, மூட்டருகே குத்தியிருந்தாலோ, வீக்கம் கூடினாலோ மருத்துவரிடம் போங்கள். நோண்டாதீர்கள்.

இறந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால் முள்ளை மெதுவாகத் தொடுங்கள். உயிர் இருந்தால் பக்கத்து முட்கள் தொட்ட இடத்தை நோக்கிச் சாயும். அசைவே இல்லை, முட்கள் கொத்தாக உதிர்கின்றன, நாற்றம் வருகிறது என்றால் அந்த நிமிடமே எடுத்துவிட்டு, அம்மோனியாவை அளந்து, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். உள்ளே இருப்பது அழுகும் வேகம் சின்னத் தொட்டியைக் கலக்கிவிடும். அடுத்த முள்ளெலிக்கு அவசரம் வேண்டாம். உப்பு, நைட்ரேட், செம்பு மூன்றையும் அளந்து காரணம் தெரிந்த பிறகு, பாறையில் மறுபடி பச்சை எழும்பும்வரை காத்திருங்கள்.